தலைவலிதானே என்று விட்டுவிடலாமா?

பத்தாம் வகுப்பில் இரத்த ஓட்டம் நடத்தும்போது, "மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டால் பக்கவாதம் வரலாம்" என்று சொல்வோம். "இரத்தம் திரும்பி வரும் சிரை அடைபட்டால் என்ன ஆகும், டீச்சர்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. அதற்கான பதிலை எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரிடமே நாங்கள் பார்த்திருந்தோம்.

அவருக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். "நாலு நாளா தலைவலி டீச்சர், தூக்கமில்லாததால இருக்கும்" என்றார் தொலைபேசியில். படுத்தால் வலி கூடுகிறது, பார்வை மங்குகிறது என்றதும் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். மூளைச் சிரையில் இரத்தக்கட்டி இருந்தது.

என்ன நடக்கிறது?

வடிகால் அடைத்தால் வயலில் நீர் தேங்கும். அதுபோல இரத்தம் தேங்கி, மண்டைக்குள் அழுத்தம் ஏறும். மூளை வீங்கும், சிலருக்கு இரத்தக்கசிவும் ஏற்படும்.

அறிகுறிகள்

* நாளுக்கு நாள் கூடும் புதிய தலைவலி
* வாந்தி, பார்வை மங்கல்
* வலிப்பு
* ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்

யாருக்கு வரலாம்?

கர்ப்பிணிகள், பிரசவமான முதல் ஆறு வாரங்களில் உள்ள தாய்மார்கள், ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுவோர், உடலில் நீர் வற்றியவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். "பச்சை உடம்புக்காரி" என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. மாணவர்களில், காதில் சீழ் வடியும் குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொற்று காதின் பின்புறமுள்ள பெரிய சிரைக்கும் பரவக்கூடும்.

சிகிச்சை

சாதாரண சி.டி. ஸ்கேனில் இது தெரியாமலும் போகலாம். சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வீனோகிராம் அல்லது சி.டி. வீனோகிராம் தேவைப்படும். முதலில் ஹெப்பாரின் ஊசி. பிறகு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள், பொதுவாக 3 முதல் 12 மாதங்கள் வரை. உரிய நேரத்தில் சென்றால் பெரும்பாலோர் நன்கு குணமடைகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மருத்துவரிடம் "தலைவலி" என்று மட்டும் சொல்லாமல், பிரசவமான நாள், சாப்பிடும் மாத்திரைகள், காதில் சீழ் வடிவது ஆகியவற்றையும் சொல்லச் செய்வோம். வகுப்பில் வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைப்போம்.

அந்த ஆசிரியை இன்று மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். மாணவியின் கேள்விக்கு, அவரது அனுமதியோடு, அவர் கதையையே பதிலாகச் சொன்னேன்.