லைப்சிக்கிலிருந்து பிராக் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வருகிற சனி, ஞாயிறு தோழிகளோடு பிராக் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து போட்ட இடங்களின் பட்டியலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தான். கோட்டை, பாலம், கடிகாரம், படகுச் சவாரி, லெனன் சுவர் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. மாணவர்கள் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் மாணவர்களின் கதையோடு இவ்வளவு பின்னிக் கிடக்கும் ஊர்கள் குறைவு. அந்த ஊருக்குப் போகிற ஒரு மாணவி அவர்களைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று பெரியப்பா நினைக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உனக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. நீ படிக்கும் லைப்சிக் பல்கலைக்கழகம் பிறந்ததே பிராக்கில் மூண்ட ஒரு சண்டையால்தான். பொஹீமிய மன்னர் நான்காம் சார்லஸ் 1348 இல் பிராக்கில் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் பொஹீமியர், பவேரியர், சாக்சனியர், போலந்தியர் என்று நான்கு பிரிவுகளாக இருந்தார்கள். பிரிவுக்கு ஒரு வாக்கு. 1409 ஜனவரியில் சார்லஸின் மகன் நான்காம் வென்செஸ்லாஸ், குட்னா ஹோரா என்ற ஊரிலிருந்து ஓர் ஆணை போட்டார். இனிமேல் பொஹீமியர்களுக்கு மூன்று வாக்கு, மற்ற மூன்று பிரிவுக்கும் சேர்த்து ஒரே வாக்கு. ஜெர்மன் ஆசிரியர்களும் மாணவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் லைப்சிக். அதே ஆண்டு டிசம்பரில் அங்கே பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது.

கோபித்துக்கொண்டு வந்தவர்களின் வழியில் எதிர்த்திசையாக நீங்கள் ரயிலில் போகப்போகிறீர்கள். டிரெஸ்டனில் வண்டி மாறியதும் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டும் வரை எல்பே ஆறு கூடவே வரும், அக்கரையில் மணற்பாறைகள் எழுந்து நிற்கும். அந்த நேரத்திலாவது கைப்பேசியைப் பையில் போடச் சொல் எல்லோரையும். டாய்ச்லாண்ட் டிக்கெட் யூரோசிட்டி ரயிலில் செல்லாது, தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். முன்கூட்டி எடுத்தால் விலை குறையும்.

பிராக்கில் இறங்கியதும் எல்லோரும் ஓடுவது பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரத்துக்கு. 1410 இல் செய்த கடிகாரம், இன்னும் ஓடுகிறது. காலை 9 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் அப்போஸ்தலர்களின் உருவங்கள் ஜன்னலில் வந்து போகும், எலும்புக்கூடு மணி அடிக்கும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் பைகளில் கை விடுவதற்கென்றே ஆட்கள் நிற்கும் இடமும் அதுதான். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்.

வேடிக்கை முடிந்து கூட்டம் கலைந்ததும், அந்தக் கோபுரத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் நாலு எட்டு வைத்துத் தரையைப் பார். கல் பாவிய தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்த பொஹீமியத் தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று அங்கே வைத்துக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் யான் யெசேனியஸ். மருத்துவர், உடற்கூறியல் அறிஞர், பல்கலைக்கழகத்தின் ரெக்டராக இருந்தவர். மனித உடலைப் பொதுமக்கள் முன்னிலையில் அறுத்து உள்ளுறுப்புகளை விளக்கிய பாடத்தை 1600 இல் பிராக்கில் முதன்முதலாக நடத்தியவர் அவரே. கிளர்ச்சிக்காகப் பேசிய அவருடைய நாக்கை முதலில் அறுத்தார்கள், பிறகுதான் தலையை. கொல்லப்பட்டவர்களில் பன்னிரண்டு பேரின் தலைகள் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கின.

சதுக்கத்தின் நடுவில் நிற்பது யான் ஹுஸ் சிலை. அவரும் அதே பல்கலைக்கழகத்தின் ரெக்டர்தான், அந்த 1409 சண்டையில் செக் தரப்பின் முன்னணியில் நின்றவர். திருச்சபையின் முறைகேடுகளைக் கண்டித்துப் பேசியதற்காக 1415 இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். சிலை 1915 இல் வைத்தது. சதுக்கத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் கரோலினம். பழைய பல்கலைக்கழகக் கட்டடம் அதுதான், பட்டமளிப்பு விழாக்கள் இன்றைக்கும் அங்கேதான் நடக்கின்றன. பக்கத்தில் உள்ள எஸ்டேட்ஸ் தியேட்டரில்தான் 1787 இல் மொசார்ட்டின் 'டான் ஜியோவானி' முதன்முதலாக அரங்கேறியது. சுற்றுலாப் பயணிகள் தியேட்டரைப் படம் எடுத்துக்கொண்டு கரோலினத்தைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். நீ அதன் சுவரில் துருத்தி நிற்கும் கோதிக் ஜன்னல் மாடத்தின் கீழே கொஞ்ச நேரம் நில்.

சார்லஸ் பாலத்துக்கு மட்டும் விடியற்காலையில் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் அங்கே நடக்க முடியாது, நகர்ந்து போகத்தான் முடியும். 1357 இல் கட்டத் தொடங்கிய பாலம் அது. நீளம் 516 மீட்டர். 1841 வரை அந்த ஊரில் வல்தாவா ஆற்றைக் கடக்க வேறு பாலமே கிடையாது. அதன் மேல் நிற்கும் 30 சிலைகளில் பெரும்பாலானவை இப்போது நகல்கள், மூலச் சிலைகளைப் பாதுகாப்பாக வேறு இடங்களில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் புனித நெபோமுக்கின் சிலைப் பீடத்தைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்பதற்குப் பதில், பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தின் இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுப் பார். கிழக்கு முகம் முழுக்கச் சிற்பம், மேற்கு முகம் வெறுமை. முப்பதாண்டுப் போரின் கடைசி ஆண்டான 1648 இல் சுவீடன் படை அக்கரையைப் பிடித்துவிட்டது. அது பாலத்தைத் தாண்டி வராமல் தடுத்தவர்களில் மாணவர்கள் இருந்தார்கள், யூத மக்களும் இருந்தார்கள். அந்தச் சண்டையில் சிதைந்ததுதான் மேற்கு முகம். கோபுரத்துக்கு அருகிலேயே கிளெமென்டினம் இருக்கிறது. காவலுக்கு நிற்கும் அந்தக் கால மாணவன் ஒருவனின் சிலை அதன் முற்றத்தில் உண்டு. அந்த வளாகத்தில் 1775 முதல் நாள் தவறாமல் வெப்பநிலையைக் குறித்து வருகிறார்கள் என்பதை உன் இயற்பியல் தோழிக்குச் சொல்.

கோட்டைக்குப் பாதி நாள் போதும். புனித விட்டஸ் தேவாலயத்தை 1344 இல் தொடங்கி 1929 இல் முடித்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போ.

யூத அருங்காட்சியகத்தை சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறீர்கள். அதை மாற்ற வேண்டும். சனி அவர்களுடைய ஓய்வு நாள், அன்று திறக்க மாட்டார்கள். ஞாயிறு காலையில் போங்கள். பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 78,000 பெயர்கள். மாடியில் தெரெசீன் முகாமில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். அவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. அங்கே சிரித்துப் பேசிக்கொண்டு நடக்கும் இளைஞர் கூட்டங்களைப் பார்க்கலாம். உங்கள் கூட்டம் அப்படி இருக்கக் கூடாது, மகளே. வெளியே வந்ததும் உடனே அடுத்த இடத்துக்கு ஓடாமல் எங்கேயாவது உட்காருங்கள்.

இனிமேல் சொல்வதுதான் பெரியப்பாவுக்கு முக்கியம்.

நவம்பர் 17 உலக மாணவர் நாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அது பிராக்கில் பிறந்த நாள். 1939 அக்டோபர் 28 அன்று ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் யான் ஓப்லெதால் என்ற மருத்துவ மாணவர் சுடப்பட்டு, இரண்டு வாரத்தில் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலமே இன்னோர் ஆர்ப்பாட்டமாக மாறியது. நவம்பர் 17 அன்று நாஜிகள் ஒன்பது பேரைக் கொன்றார்கள். 1,200 க்கும் மேற்பட்ட மாணவர்களை சாக்சன்ஹௌசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், செக் உயர்கல்வி நிலையங்கள் அத்தனையையும் இழுத்து மூடினார்கள். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1989 நவம்பர் 17 அன்று, ஓப்லெதாலை நினைவுகூர மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். நரோத்னி தெருவில் போலீஸ் வழிமறித்து அடித்தது. அந்த அடியிலிருந்து கிளம்பிய எழுச்சியில் ஆறு வாரத்துக்குள் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது, டிசம்பர் 29 அன்று நாடக ஆசிரியர் வாக்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். அந்தத் தெருவில் ஒரு வளைவு நடையில், சுவரிலிருந்து நீளும் வெண்கலக் கைகளும் தேதியும் மட்டும் உள்ள ஒரு சிறு நினைவுச்சின்னம் இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், தேடு.

வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்கோடியில், தேசிய அருங்காட்சியகத்தின் முன் தரையில், புடைத்தெழும் வெண்கலச் சிலுவை ஒன்று உண்டு. 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு நாடு மனம் சோர்ந்து பணிந்துபோவதை எதிர்த்து, 1969 ஜனவரி 16 அன்று யான் பலாக் அங்கே தீக்குளித்தார். சார்லஸ் பல்கலைக்கழக மாணவர், வயது 20. மூன்றாம் நாள் இறந்தார். உன்னைவிட இளையவர். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வதைப் பெரியப்பாவால் ஏற்க முடியாது. ஆனாலும் அவர் எதைக் காக்க நினைத்தார் என்று தெரியாமல் அந்த இடத்தைக் கடந்து போவது சரியல்ல. அங்கே செல்ஃபி வேண்டாம். ஆற்றங்கரையில் அவர் படித்த கலைப்புலக் கட்டடத்தின் முன் உள்ள சதுக்கத்துக்கு இன்று அவர் பெயர்.

அந்தப் பல்கலைக்கழகத்தோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. பிராக்கில் 1927 இல் பிறந்து, அங்கேயே படித்து, தமிழை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் கமில் சுவெலபில். அவர் பிறந்ததும் ஒரு நவம்பர் 17. 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நம் இலக்கியத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஸ்மைல் ஆஃப் முருகன்' 1973 இல் வந்தது. உன் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தால் போகும் முன் புரட்டிப் பார்.

பணம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அங்கே யூரோ இல்லை, கொருனா. ஏ.டி.எம்.மிலோ கடையிலோ யூரோவில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், கொருனாவிலேயே எடு. யூரோவில் எடுத்தால் மாற்று விகிதத்தில் நஷ்டம். தெருவில் நின்று பணம் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதே. கடையில் மாற்றி ஏமாந்துவிட்டால், 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீதை வைத்துக்கொள். டிராமில் ஏறியதும் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், குத்தாவிட்டால் அபராதம். மூலைக்கு மூலை பழைய பொஹீமியப் பலகாரம் என்று விற்கும் திர்தெல்னிக் அந்த ஊரின் பழம் பண்டம் இல்லை. அதன் புவிசார் குறியீடு ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சாவிடம் இருக்கிறது. பசிக்குப் பேக்கரியில் கொலாச் வாங்குங்கள். சைவம் சாப்பிடும் தோழிக்கு பொரித்த சீஸ் எந்த எளிய உணவகத்திலும் கிடைக்கும்.

நாலு பேரும் இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டே அலைய வேண்டியதில்லை. கடைத்தெரு பிடித்தவள் கடைத்தெருவுக்குப் போகட்டும், நீ நரோத்னிக்குப் போ. எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். செலவுக் கணக்கை அன்றன்று இரவே தீர்த்துக்கொள்ளுங்கள், நட்பு கெடுவது பெரும்பாலும் சின்னத் தொகைகளில்தான். இருட்டிய பின் ஒருத்தியையும் தனியாக விடாதீர்கள். மதுக்கடை மதுக்கடையாகக் கூட்டிக்கொண்டு போகும் இரவுச் சுற்றுலாக்களை நகராட்சி 2024 இல் தடை செய்தது, அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் தூங்க முடியாமல் தவித்ததுதான் காரணம். அவர்களுடைய ஊர் அது. விடுதி வாசலில் குரலைத் தாழ்த்துங்கள்.

ஜெர்மன் குடியிருப்பு அட்டையை வைத்துக்கொண்டு செக் நாட்டுக்குப் போகத் தனி விசா வேண்டாம். ஆனால் அட்டையோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும், கைப்பேசியில் உள்ள படம் போதாது. 2023 முதல் அந்த எல்லையில் ஜெர்மன் போலீஸ் சோதனை நடக்கிறது. அவசரம் என்றால் 112 ஐ அழை. வெள்ளிக்கிழமை இரவே அட்டை, பாஸ்போர்ட் இரண்டையும் பைக்குள் வைத்துவிடு, தோழிகளையும் வைக்கச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா