பப்பாளி மாவுப்பூச்சி: வேலியோரச் செடிகளையும் கவனியுங்கள்

பப்பாளியின் இலை, தண்டு, காய்களில் பஞ்சு போல் படிந்து சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி, செதில் பூச்சிகளின் நெருங்கிய இனமாகும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, நம் நாட்டில் 2008 ஆம் ஆண்டு கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளியுடன் மரவள்ளி, மல்பெரி, பருத்தி ஆகியவற்றிலும் பெருஞ்சேதம் விளைந்தது. மருந்து தெளித்த சில வாரங்களிலேயே பூச்சி மீண்டும் தோன்றுவது ஏன் என்று விவசாயிகள் கேட்பதுண்டு. அதற்குரிய விடை பெரும்பாலும் வரப்பிலும் வேலியிலும் இருக்கிறது.

உணவுச் செடியும் பெருக்கமும்

செம்பருத்தி, பார்த்தீனியம், துத்தி, காட்டாமணக்கு போன்ற பல செடிகளில் இப்பூச்சி வாழும். ஆனால், எல்லாச் செடிகளிலும் ஒரே அளவில் பெருகுவதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், ஒரு பெண் பூச்சி சராசரியாகச் செம்பருத்தியில் 244 முட்டைகளும், பார்த்தீனியத்தில் 230 முட்டைகளும், ஈழத்தலரியில் 186 முட்டைகளும் இட்டது. ஈழத்தலரியில் இளங்குஞ்சுகளும் அதிகமாக மடிந்தன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. யாரும் கவனிக்காத பார்த்தீனியம், செம்பருத்திக்கு ஏறக்குறைய ஈடாகப் பூச்சியைப் பெருக்குகிறது. பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை. எனினும் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஊர்ந்தும், காற்றிலும், எறும்புகள் மூலமும், ஆட்களின் உடையில் ஒட்டியும் தோட்டத்திற்குள் வந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. வாரம் ஒருமுறை மரங்களுடன் வேலியோரச் செடிகளின் இலைகளையும் திருப்பிப் பார்க்கவும்.

2. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்கவும்.

3. பூச்சி தாக்கிய செடிகளை வாய்க்காலில் வீச வேண்டாம். குழியிலிட்டு மூடவும்.

4. தேன் போன்ற கழிவுக்காக வரும் எறும்புகள் பூச்சிகளுக்குக் காவலாக இருக்கும். ஆகையால் மரத்தடியிலுள்ள எறும்புப் புற்றுகளை அழிக்கவும்.

5. தாக்குதல் தொடங்கும்போதே, தாக்கிய பகுதியில் மட்டும் லிட்டருக்கு 25 கிராம் வீதம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்துத் தெளிக்கவும்.

நன்மை செய்யும் குளவி

இப்பூச்சியை அடக்க, 2010 இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டது. மாவுப்பூச்சி வெகுவாகக் குறைந்ததற்கு இக்குளவியே முக்கியக் காரணம். இது பூச்சியின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும். உப்பிப் பழுப்பேறி அசையாமல் கிடக்கும் பூச்சிகள் இதன் அடையாளம். அவற்றில் சிறு துளை காணப்பட்டால், குளவி வெளியேறிவிட்டது என்று அறியலாம்.

அத்தகைய பூச்சிகள் மிகுந்துள்ள செடிகளை உடனே அழிக்க வேண்டாம். குளவிகள் வெளிவந்த பின் அகற்றலாம். அச்சமயத்தில் கடுமையான பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவி மடியும். மெழுகுப் படலத்திற்குள் இருக்கும் மாவுப்பூச்சியோ பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே மருந்துக் கருவியைத் தோளில் மாட்டும் முன், ஒரு பூதக்கண்ணாடியுடன் வேலியைச் சுற்றி வாருங்கள்.