மலையூரில் நீண்ட சைக்கிள் ஓட்டம்: எவ்வளவு நேரம் மூச்சிரைக்க மிதிப்பது?

கண்டி மஹய்யாவையிலிருந்து சைக்கிளை எடுத்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம். ஏ9 வீதி ஊரின் நடுவால் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் யாழ்ப்பாணம், சுமார் 320 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் முடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், வார இறுதியின் நீண்ட பயிற்சியில் எவ்வளவு நேரம் கடுமையாக மிதிப்பது என்பது. ஐந்து மணி நேர ஓட்டத்தில் அரை மணி நேரம் போதும், அதுவும் எல்லா வாரமும் வேண்டாம் என்பேன். ஆனால் கண்டியில் அந்த அரை மணி நேரம் நாம் கேட்காமலே வந்துவிடும். அதை அந்த அளவோடு நிறுத்தத்தான் பழக வேண்டும்.

நோர்வேயில் பணியாற்றும் உடற்பயிற்சி விஞ்ஞானி ஸ்டீபன் ஸைலர், படகு, பனிச்சறுக்கு, சைக்கிள் எனப் பல துறைகளின் முன்னணி வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பத்துப் பயிற்சிகளில் ஏறக்குறைய எட்டு இலகுவானவை, இரண்டு கடினமானவை. பலர் இதை நேரக் கணக்காக எடுத்துக்கொண்டு ஐந்து மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இரைக்க இரைக்க ஓடுகிறார்கள். அவர் எண்ணியது பயிற்சிகளை. நிமிடங்களாக எண்ணினால் கடினமான பகுதி பத்தில் ஒன்றளவுக்குக் குறைந்துவிடும். இலகுவான ஓட்டம் வீண் ஓட்டமல்ல. தசைக்குள் சக்தி உண்டாக்கும் நுண்ணுறுப்புகளும் நுண் இரத்தக் குழாய்களும் பெருகுவதும், உடல் கொழுப்பை எரிக்கப் பழகுவதும் அந்த நீண்ட மணித்தியாலங்களில்தான்.

முதலில் உங்கள் இலகுவின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். கருவி இல்லாவிட்டால் கூட வருபவருடன் பேசிப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மூன்று நான்கு சொற்களுக்கு ஒருமுறை நின்றால் தாண்டிவிட்டீர்கள். இதயத்துடிப்பு மானி இருந்தால், உங்கள் உச்சத் துடிப்பில் முக்கால் பங்கை அண்டிய அளவைக் கோடாக வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் இது மாறும், ஆகவே பேச்சுச் சோதனையோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

அடுத்தது கியர். இதைத்தான் நம் ஊரில் அதிகம் வலியுறுத்த வேண்டும். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைப்போம். ஆறு சதவீத ஏற்றத்தில் முன்பல் 39, பின்பல் 25 கொண்ட பழைய பந்தயச் சைக்கிளில் நிமிடத்துக்கு 65 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 13 கிலோமீற்றரை நெருங்கும். அதற்குச் சுமார் 190 வொட் வலு வேண்டும். முன்னும் பின்னும் 34 பல் என்றால், அதே 65 சுற்றுக்கு வேகம் 8 கிலோமீற்றர், வலு 120 வொட்டுக்குள் அடங்கும். பயிற்சி குறைந்தவருக்கு முதலாவது மூச்சிரைக்கும் உழைப்பு, இரண்டாவது பேசிக்கொண்டே ஏறும் உழைப்பு. மன உறுதி எவ்வளவு இருந்தாலும் கியர் இல்லாமல் ஏற்றத்தை இலகுவாக ஏற முடியாது. புது ஹெல்மட், புது உடுப்பு வாங்கும் காசில் முதலில் பின்பக்கப் பல்சக்கரத்தை மாற்றுங்கள். பின்பக்கக் கியர் மாற்றி அந்தப் பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் ஆறு வாரம் நீண்ட ஓட்டத்தில் கடினம் வேண்டவே வேண்டாம். பேராதனையிலிருந்து கெலிஓயா வழியாகக் கம்பளைக்குப் போகும் வீதி, மகாவலியை ஒட்டிப் போவதால் நம் சுற்றுவட்டாரத்தில் சமதரைக்குக் கிட்டியது. அதில் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, வாரத்துக்கு இருபது முப்பது நிமிடமாகக் கூட்டுங்கள். கடினப் பயிற்சியை வாரநாளில் தனியாக வையுங்கள்: தேயிலை அருங்காட்சியகம் இருக்கும் ஹந்தானை ஏற்றத்தில் நான்கு நிமிடம் கடுமையாக ஏறுவது, மெல்ல இறங்குவது, நான்கு தடவை. அதற்கு அடுத்த நாள் ஓய்வு அல்லது மிக மெல்லிய ஓட்டம்.

ஆறு வாரம் கழிந்ததும் தம்புள்ளைப் பாதைக்கு வரலாம். போய்வர 140 கிலோமீற்றருக்குச் சற்று மேல். காலை ஐந்து மணிக்கு விளக்குகளோடு கிளம்பினால் அக்குறணைக் கடைத்தெருவை நெரிசலுக்கு முன் தாண்டலாம். இந்தப் பாதையில் ஒரு பொறி இருக்கிறது. கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி, பலகடுவ மேட்டைத் தாண்டி மாத்தளை, நாலந்தா, நாவுல என்று போகப் போகத் தரை மொத்தத்தில் தாழ்ந்துகொண்டே போகும். கால் லேசாக இருக்கும், வேகம் ஆசை காட்டும். திரும்பும்போது வெயிலும் ஏறும், வீதியும் ஏறும். களைத்த காலோடு பலகடுவவையும், கடைசியில் மகாவலிப் பாலத்திலிருந்து மஹய்யாவைக்கு வரும் மேட்டையும் ஏற வேண்டும். போகும்போது கடுமையாக மிதித்தவருக்கு இங்கே ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே போகும் வழி முழுக்க இலகு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திரும்பும் வழியில் மட்டும், பத்து நிமிடக் கடினம் இரண்டு; இடையில் கால் மணி நேரம் மெல்ல. பழகியபின் பதினைந்து நிமிடம் இரண்டு. வேகம் மட்டுமீறக் கூடாது, ‘இன்னும் பத்து நிமிடம் தாங்குவேன்’ என்று முடிவில் தோன்ற வேண்டும். 320 கிலோமீற்றர் ஓடப் போகிறவருக்குக் களைத்தபின் எஞ்சும் வலுதான் தேவை, அதனால்தான் கடினத்தைத் திரும்பும் வழியில் வைக்கச் சொல்கிறேன். ஏற்றமில்லாத இடத்தில் 30 விநாடிப் பாய்ச்சல்கள் சிலவற்றைச் சேர்ப்பதும் உண்டு. 2020இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், போட்டிப் பருவம் முடிந்தபின் மூன்று வாரத்தில் வாரம் ஒரு இலகு ஓட்டத்தில் ஒன்பது பாய்ச்சல்களைச் சேர்த்த தேர்ந்த வீரர்களின் பாய்ச்சல் திறன் தளரவில்லை. வாகனம் குறைந்த நேரான வீதியில் மட்டும் செய்யுங்கள். பஸ் பின்னால் வரும் ஏ9இல் வேண்டாம்.

சாப்பாட்டை இதிலிருந்து பிரிக்க முடியாது. கடினமாக மிதிக்கும்போது உடல் கொழுப்பை விட்டு மாச்சத்துச் சேமிப்புக்குத் தாவுகிறது. மணிக்கு 60 கிராம் மாச்சத்து என்று கணக்கு வையுங்கள்: ஒரு வாழைப்பழம், ஒரு கிம்புலா பணிஸ், இரண்டு துண்டு கித்துள் கருப்பட்டி ஏறக்குறைய அதைத் தரும். நாவுலவுக்கு அப்பால் வியர்வை கொட்டும். செவ்விளநீர் நல்லது, போத்தலில் ஜீவனி உப்புத்தூளைக் கரைத்து வைத்திருப்பதும் நல்லது.

திரும்பும்போது அதே மெல்லிய வேகத்துக்கே துடிப்பு காலையைவிட மிக உயர்ந்திருந்தால், அல்லது இரண்டாவது பத்து நிமிடத்தில் முதலாவதன் வேகம் வராவிட்டால், அன்றைய கடினத்தை அதோடு விடுங்கள். மறுநாள் காலையும் துடிப்பு இறங்காவிட்டால் ஹந்தானைப் பயிற்சியையும் அந்த வாரம் தள்ளிவையுங்கள்.

யாழ்ப்பாண ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நீண்ட ஓட்டத்தைப் பாதியாக்கி, அதில் ஒரேயொரு பத்து நிமிடக் கடினத்தை வையுங்கள். கடைசி வாரத்தில் மாத்தளை வரை போய் வந்தால் போதும். புறப்படும் நாளில் தம்புள்ளை தாண்டும் வரை கூட்டாளியுடன் பேசிக்கொண்டே மிதியுங்கள்.