நெடுந்தூர ஓட்டமும் தண்ணீரும்

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கி.மீ. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இருமுறை சென்று திரும்பும் தொலைவுக்கு இது ஏறத்தாழ ஒப்பாகும். இதற்குப் பயிலுவோர் நீரிழப்பை அஞ்சுவர். மிகையாக நீர் அருந்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதைப் பலர் அறியார்.

பல மணி நேரம் ஓடும்போது சிறுநீரகம் நீரை வெளியேற்றுவது குறைகிறது. அந்நிலையில் தாகத்தை மீறி நீர் அருந்தினால், இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்து மூளை வீங்கக்கூடும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஆய்வுக்கு உட்பட்ட 488 பேருள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது.

எனவே, தாகத்திற்கேற்ப அருந்துங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்; எடை கூடியிருந்தால், அருந்தியது மிகை. ஓட்டத்தன்று வலி மாத்திரைகளைத் தவிருங்கள். இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள், பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு: ஓடி முடித்தவருக்குத் தலைவலியுடன் வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். களைப்பென்று எண்ணி உறங்க விடாதீர்கள். உடல் கொதித்தால் மேலே நீர் ஊற்றலாம்; வாயில் புகட்டக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். ஓடி வந்தவர் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.