உண்ண மறுக்கும் குழந்தையும் ஒவ்வாத உணவும்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். முனிவர் ஒருவர் நம் வாயிலில் எழுந்தருளினால், அவர்தம் உடல்நிலை யாது, எந்த ரசத்தைத் துறந்துள்ளார் என்பவற்றையெல்லாம் கேட்டறிந்தே உணவு ஆக்குகின்றோம். அவர் போதுமெனக் கையை விலக்கினால் வற்புறுத்துவதில்லை. அதே அடுப்பங்கரையில் நான்கு வயதுக் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டால் மட்டும் நமக்குச் சினம் வருகின்றது. பிடிவாதம் என்கின்றோம், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக மருமகளைக் குறை கூறுகின்றோம்.

இவ்வாறு கூறியவருள் நாமும் ஒருவர். நம் பெயர்த்திக்கு ஒரு வயது நிறைந்தபின் பசும்பால் கொடுக்கத் தொடங்கியபோது உடலெங்கும் காணாக்கடி போலத் தடித்தது, வாந்தி எடுத்தாள். மருத்துவர் சோதித்துப் பாலில் ஒவ்வாமை என்றார். பாலும் தயிரும் நெய்யும் இல்லாமல் ஒரு பிள்ளை வளருமா என்று நமக்கு உள்ளூர ஐயம். சிறிது சிறிதாகப் பழக்கினால் உடல் ஏற்றுக்கொள்ளும் என எண்ணி, அவளுக்கு மூன்றரை வயதாயிருக்கையில், மருமகள் இல்லாத வேளையில், பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி மோரைக் கலந்து பிசைந்து ஊட்டினோம். இரண்டாம் கவளத்தில் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கதை சொல்லி மூன்றாவதையும் ஊட்டினோம். கால் மணி நேரத்தில் உதடு வீங்கியது, மூச்சு இளைத்தது. மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்ட பின்னரே குழந்தை தெளிந்தாள்.

உயிர் பிழைத்தாள் என்ற நிம்மதியோடு அது முடியவில்லை. அடுத்த ஐந்து மாதங்கள் நம் கையால் ஒரு பருக்கையும் உண்ணவில்லை. "இதுல மோர் இல்லையே பாட்டி?" என்று கேட்டுவிட்டு, நாம் இல்லை என்றாலும் தன் தாயின் முகத்தைப் பார்ப்பாள். பொய்யாமையை அணுவிரதமாக ஏற்ற நாம் ஒரு குழந்தையின் தட்டில் அதை முறித்தோம். ஆகாரம் கொடுத்தோம், அபயத்தைப் பறித்தோம்.

இனிப் பாடத்திற்கு வருவோம். ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு. பாலிலுள்ள புரதத்தைப் பகையெனக் கருதி உடலின் காப்பு மண்டலம் எதிர்த்துக் கிளம்புவது ஒவ்வாமை. இதற்கு ஒரு துளியும் போதும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்னும் நொதி குடலில் குறைந்திருப்பது செரியாமை. இதனால் வயிறு உப்பும், வலிக்கும், கழியும். ஆனால் உயிருக்கு ஊறு நேராது. செரியாமை உள்ள குழந்தைகளில் பலர் தயிரையும் மோரையும் ஓரளவு தாங்குவர், ஏனெனில் புளிக்கும்போது லாக்டோஸ் குறைகின்றது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ மோரும் பாலே. ஒரு வீட்டில் நன்மை செய்த மோர் மற்றொரு வீட்டில் நஞ்சாவது இதனால்தான். ஆகவே அண்டை வீட்டார் அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. நாமாகவே பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, கடலையை நிறுத்து என ஒவ்வொன்றாக விலக்குவதும் தவறு. குழந்தை எதை உண்டாள், எத்தனை நேரத்தில் என்ன நேர்ந்தது என ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவதே முறை.

உதடு, நாக்கு வீங்குதல், குரல் கம்முதல், மூச்சு இளைத்தல், மயங்கிச் சோர்தல் ஆகியன கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காலத்தைக் கடத்தலாகாது. மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்து வைத்திருந்தால் உடனே தொடையில் போட்டு, குழந்தையை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பால் விலக்கப்பட்ட குழந்தை நம் சமயத்தவர் வீட்டில் பிறந்திருந்தால் கூடுதலாகச் சில கவனிக்க வேண்டும். பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைக் கண்டவுடன் நாம் மனம் அமைகின்றோம். அப்புள்ளி புலாலும் முட்டையும் இல்லை என்பதற்கே சான்று. பால் இல்லை என்பதற்கன்று. பிஸ்கோத்திலும் ரொட்டியிலும் பால் திடப்பொருள், கேசின், வே என்ற பெயர்களில் பால் ஒளிந்திருக்கும். 2020-ஆம் ஆண்டின் இந்திய உணவுச் சீட்டு விதிகளின்படி பால், கோதுமை, நிலக்கடலை, சோயா முதலிய ஒவ்வாமைப் பொருள்களைப் பொட்டலத்தில் தனியே குறிப்பிட வேண்டும். எள் அப்பட்டியலில் இல்லை. எள் ஒவ்வாதவர் உட்பொருள் வரிசை முழுவதையும் படிக்க வேண்டும். கோதுமை ஒவ்வாத வீட்டில் பெருங்காய டப்பாவையும் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும்.

நெய்யை உருக்கிவிட்டால் பால் ஏது என்று கேட்கும் பாட்டியர் உளர். புரதத்தின் எச்சம் அதில் தங்குகின்றது. ஆட்டுப்பால், எருமைப்பால் ஆகியவற்றின் புரதங்களும் பசும்பாலினவற்றை ஒத்தவையே, மாற்றாகா. தேங்காய்ப்பால் சுவைக்கு உதவும். சத்தில் பாலுக்கு ஈடன்று. சுண்ணாம்புச் சத்திற்குக் கேழ்வரகு இருக்கின்றது: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். முருங்கைக் கீரையும் உண்டு. ஆனால் வைட்டமின் பி12 நம் பயிர் உணவு எதிலும் போதிய அளவில் இல்லை. முட்டையும் புலாலும் உண்ணாத நமக்குப் பாலே அதன் ஒரே வழி. அப்பாலும் நின்றால் இரத்தமும் நரம்பும் மெல்ல நலியும். வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். இதற்கு மருந்தாகவே கொடுக்க வேண்டும். நம் கொள்கையை மருத்துவரிடம் தயங்காமல் எடுத்துரைத்து, இதை நாமே கேட்டுப் பெற வேண்டும்.

பால், தயிர், நெய் துறந்து ரசபரித்தியாகம் காக்கும் மூதாட்டியர் நம் குடும்பங்களில் இருக்கின்றனர். அவர்தம் சமையலைக் கற்றுக்கொண்டாலே பாதிக் கவலை தீரும். நாம் அதை வெகு காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒருமுறை உணவால் துன்புற்ற குழந்தை புதிய உணவு எதற்கும் அஞ்சும். துன்புறாத குழந்தைக்கும் இரண்டு முதல் ஆறு வயதுவரை இவ்வச்சம் இயல்பே. ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கும் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. பல ஆண்டுகள் வகுப்பறையில் அதைக் கையாண்ட நமக்கு அடுப்பங்கரையில் அது மறந்துபோயிற்று. பெயர்த்தி அப்போது வெள்ளைத் தோசை ஒன்றையே உண்பாள். மருமகள் மாவில் நான்கில் ஒரு பங்கு கேழ்வரகு சேர்த்தாள், அதையும் அவள் கண்முன்னே. "இதில் கேழ்வரகு இருக்கிறது, நிறம் மாறும்" என்று கூறியே வார்த்தாள். முதல் வாரம் தொடவில்லை. பிறகு ஓரத்தைக் கிள்ளினாள். நாக்கில் வைத்துத் துப்பினாள். துப்பியதும் ஒரு பாடமே. பத்துப் பதினைந்து முறை கண்டும் முகர்ந்தும் தொட்டும் பழகிய பின்னரே பல குழந்தைகள் ஒன்றை ஏற்கின்றனர். நாமோ மூன்றாம் நாளே கைவிடுகின்றோம். எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்க, எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாவா என்பதைக் குழந்தை முடிவு செய்க என்று அமெரிக்க உணவியலார் எலின் சாட்டர் 1980-களில் வகுத்தார். மருமகள் அதைப் படித்தவள் அல்லள், செய்தது அதுவே.

கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கம் இத்தகைய குழந்தைக்குச் சற்று இடராவது உண்மை. மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே பொழுது சாய்கின்றது. பள்ளியிலிருந்து வந்தவுடன் முறுக்கும் பிஸ்கோத்தும் கொடுத்துவிட்டு, ஐந்தரை மணிக்குச் சோற்றை நீட்டினால் எந்தக் குழந்தை உண்ணும்? நான்கரை மணிக்குக் கைகால் கழுவியவுடனே முழு உணவை வைத்துவிடுவதே நன்று. ஆயினும் ஏழு மணிக்குப் பசியென்று அழும் குழந்தையைப் பட்டினி உறங்கச் செய்வது நோன்பு ஆகாது. எட்டு வயது நிரம்பாதவர்க்கு விரதம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மருந்துக்கோ எந்நேரமும் தடையில்லை.

பள்ளி ஆசிரியைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள், வாய்ச்சொல் மறந்துபோகும். ஜினாலயத்தில் பாலபிஷேகத்தின் கந்தோதகம் மேனியில் பட்டாலும் சில குழந்தைகளுக்குத் தடிக்கும். நீரபிஷேகத்தின் கந்தோதகத்தை முன்னரே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். எந்த உபாத்தியாயரும் மறுக்கமாட்டார். விழாவில் "ஒரு துளி பாயசம் என்ன செய்துவிடும்?" என்று அன்போடு வரும் அத்தைமாரைத் தடுப்பதுதான் கடினம். இப்போது அந்தப் பணியை நாமே ஏற்றுள்ளோம்.

பெயர்த்திக்கு ஏழு வயது நடக்கின்றது. பாலொவ்வாமை பலருக்கு வளர வளர நீங்கும் என்கிறார் மருத்துவர். அவளுக்கு இன்னும் நீங்கவில்லை. ஆண்டுதோறும் அவர் முன்னிலையில் சோதிக்கின்றோம். தட்டில் சோறு விழுமுன் இன்றும், "மோர் இல்லையே பாட்டி?" என்று கேட்கின்றாள். இல்லை என்று கூறி, அவள் பார்க்குமாறு பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டுகின்றோம். எட்டிப் பார்த்துவிட்டு உண்ணத் தொடங்குகின்றாள்.