பெயர் வேறு, மெஷின் ஒன்றுதான்!

தொழில் பாடம்: பெயர் தெரியாத தையல் மெஷினுக்குப் பொருத்தமான பாகம் வாங்குவது எப்படி?



நம் குழுக்களில் கடன் வாங்கி ஆரம்பிக்கும் தொழில்களில் தையலுக்குத் தனி இடம் உண்டு. ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை, துணிப்பை என்று வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் மெஷின் வாங்கப் பணம் புரட்டுவதில் காட்டும் அக்கறையை, வாங்கின மெஷினைத் தெரிந்துகொள்வதில் நாம் காட்டுவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

பட்டாபிராமில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "என்னக்கா, போகலையா?" என்று கேட்டோம். "மெஷினை எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன் மேடம்" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நான்கு மாதத்துக்கு முன் குழுவில் 6,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஸ்டாண்டோடு ஒரு பழைய மெஷின் வாங்கியிருக்கிறார். மாதம் 500 ரூபாய் அசல். மெஷின் மேல் இருந்த பெயரை நாங்களும் கேள்விப்பட்டதில்லை. கொஞ்ச நாளாகத் தையல் விட்டு விட்டு விழுகிறது. ஊசி உடைகிறது. அடி நூல் தொளதொளவென்று தொங்குகிறது. கடைக்குப் போனால், "இந்தக் கம்பெனியே இப்ப இல்லைம்மா. இதுக்கு ஸ்பேர் எங்கயும் கிடைக்காது, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

"பழைய கடன்லயே எட்டு தவணை பாக்கி. திரும்பவும் கடன் கேட்டா குழுவுல என்ன நினைப்பாங்க?" என்றார் அக்கா.

அவர் வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டில் ஓர் உஷா மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டு, இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெயரைக் கையால் மறைத்துவிட்டால் எது எது என்றே தெரியவில்லை! உஷாவின் பாபின் கேஸைக் கழற்றி அக்காவின் மெஷினில் போட்டோம். 'டக்'கென்று உட்கார்ந்தது. அந்த வீட்டு ஊசியையும் மாட்டினோம். தையல் வரிசையாக விழுந்தது.

கோளாறு என்னவென்றால், பாபின் கேஸின் பட்டை ஸ்பிரிங் தேய்ந்து போயிருந்தது. ஊசியும் தப்பு. ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை அன்பாகக் கொண்டுவந்து கொடுத்த பவர் மெஷின் ஊசி அது! புது பாபின் கேஸும் ஒரு பாக்கெட் ஊசியும் சேர்த்து 110 ரூபாய்தான் ஆயிற்று. எடைக்குப் போக இருந்த மெஷின் பிழைத்தது.

பெயர் ஏன் மாறுகிறது?

மெஷினின் தலைப்பகுதியை இரும்பில் வார்க்கப் பெரிய பட்டறை வேண்டும். பெயர் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் போதும். அதனால்தான் வார்ப்பது ஒருவர், பெயர் போட்டு விற்பது இன்னொருவர் என்று நடக்கிறது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

அமெரிக்காவின் சிங்கர் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் '15' என்ற வகை மெஷினைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பல தொழிற்சாலைகள் அதே அமைப்பில், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும்படி மெஷின் செய்து ஏற்றுமதி செய்தன. வாங்கினவர்கள் ஆளுக்கொரு பெயர் போட்டு விற்றார்கள். நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 'உஷா' மெஷினைச் செய்யத் தொடங்கியது. பின்னாளில் பஞ்சாபில் உள்ள லூதியானா தையல் மெஷினுக்கும் உதிரி பாகத்துக்கும் பெரிய மையமாக வளர்ந்தது. நம் வீடுகளில் காலால் மிதிக்கும் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை அந்த '15' வகைக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடை 'கென்மோர்' என்ற பெயரில் தையல் மெஷின் விற்றது. செய்து கொடுத்தது வேறு கம்பெனிகள். மாடல் எண் 385 என்று ஆரம்பித்தால் அது ஜப்பானின் ஜனோமி செய்தது. அதே கடை தச்சர்களுக்கு 'கிராஃப்ட்ஸ்மேன்' என்ற பெயரில் மேஜை ரம்பமும் விற்றது. அதில் 113 என்று ஆரம்பித்தால் எமர்சன் கம்பெனி செய்தது. விவரம் தெரிந்தவர்கள் பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துத்தான் பாகம் வாங்கினார்கள்.

நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். பெயரை விடுங்கள், பாகத்தைப் பாருங்கள்.

எங்கே, எதைப் பார்ப்பது?

மோட்டார் இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு அளவு டேப்பும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எண்: மெஷினின் அடித்தட்டிலும், தலையைச் சாய்த்து அடிப்பக்கத்திலும் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். வார்ப்பிலோ தகட்டிலோ எண், எழுத்து இருந்தால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் உரிந்து போகும், பொறித்த எண் போகாது.

2. ஊசி: இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறோம். ஊசியின் மேல் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அது வீட்டு மெஷின் ஊசி. பாக்கெட்டில் 15×1 அல்லது ஹெச்ஏ×1 அல்லது 130/705 ஹெச் என்று இருக்கும். மூன்றும் ஒரே வகைதான், பெயர்தான் வேறு. தண்டு முழுக்க உருண்டையாக, கொஞ்சம் ஒல்லியாக இருந்து, பாக்கெட்டில் டிபி×1 என்று இருந்தால் அது பவர் மெஷின் ஊசி. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. இன்று அந்தப் பக்கம் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். வீட்டு மெஷினில் மாட்டினால் உள்ளே போகும், ஆனால் சரியாக உட்காராது, திரும்பிக்கொள்ளும். தையல் விட்டுப் போகும்.

ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். எந்தப் பெயர் மெஷினாக இருந்தாலும் இது மாறாது.

3. ஊசி நம்பர்: 90 என்றால் ஊசி 0.90 மில்லிமீட்டர் கனம். அதையே 14 என்றும் போடுவார்கள். மெல்லிய துணிக்கு 11 (75), சாதாரண பருத்தி, ஜாக்கெட் துணிக்கு 14 (90), கனமான சீருடைத் துணிக்கு 16 (100), ஜீன்ஸ், கெட்டிப் பைக்கு 18 (110).

4. பாபின்: மேலிருந்து பார்த்தால் எல்லா பாபினும் ஒரே மாதிரி தெரியும். குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர். வித்தியாசம் உயரத்தில்தான். '15' வகை பாபின் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் உயரம். பவர் மெஷின் பாபின் சுமார் 9 மில்லிமீட்டர்தான். மாற்றிப் போட்டால் உள்ளே ஆடும், நூல் சிக்கும்.

5. பாபின் கேஸ்: விரல் போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் சாய்வு மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறலாம். பழையதையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

6. துணியை அழுத்தும் ஃபுட்: ஃபுட்டை இறக்கிவிட்டு, தட்டிலிருந்து ஃபுட் மாட்டும் திருகின் நடுப்பகுதி வரை அளங்கள். அரை முதல் முக்கால் அங்குலம் வரை இருந்தால் குட்டைத் தண்டு. 1 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் நெட்டைத் தண்டு. ஜிப் ஃபுட், சுருக்க ஃபுட், ஓரம் மடிக்கும் ஃபுட் எது வாங்கினாலும் இந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

7. பெல்ட், மோட்டார்: பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அதே நீளம், அதே கனத்தில் வாங்குங்கள். மோட்டார் மாட்டுவதாக இருந்தால், மெஷினின் பின்பக்கம் மோட்டார் பிடிக்கத் திருகுத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

"இந்தக் கம்பெனிக்கு ஸ்பேர் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அப்படிக் கேட்காதீர்கள். பழைய ஊசி, பாபின், பாபின் கேஸ், ஃபுட் நான்கையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். மேஜையில் வைத்து, "இதே மாதிரி கொடுங்க, பொருந்தலைன்னா மாத்திக் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.

கடைக்காரர் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் பெயரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். நாம் பாகத்தைக் காட்டினால் பாகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்.

எச்சரிக்கை

எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய டெய்லர் மெஷின், ஓவர்லாக், பவர் மெஷின், எம்பிராய்டரி போடும் கம்ப்யூட்டர் மெஷின் ஆகியவற்றுக்கு ஊசியும் பாகமும் வேறு. ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடமும் வலமும் போகும். அதற்கு அகலத் துளை உள்ள தட்டும் ஃபுட்டும்தான் போட வேண்டும். ஒற்றைத் துளைத் தட்டைப் போட்டால் ஊசி இடித்து உடையும், துண்டு கண்ணில் தெறிக்கலாம்.

எந்தப் பாகம் மாற்றினாலும் உடனே மிதிக்காதீர்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாக நான்கு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இடித்தால் நிறுத்திவிடுங்கள். வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது. வாரண்டி இருக்கும் புது மெஷினை நாமே பிரிக்கவும் கூடாது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தில் மெஷின் பெற்ற சகோதரிகள், அதோடு வந்த அட்டை, புத்தகம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெஷின் வாங்கக் கடன் கேட்டால்

ஊக்குநரும் பிரதிநிதியும் தீர்மானம் எழுதும் முன் இந்த நான்கையும் கேளுங்கள்:

• நம் குழுவில் தையல் தெரிந்த ஒருவர் நேரில் போய்ப் பார்த்தாரா?
• நம் துணியை, நம் நூலைக் கொண்டுபோய்த் தைத்துப் பார்த்தோமா?
• ஊசி, பாபின், பாபின் கேஸ் எந்த வகை என்று எழுதி வாங்கினோமா?
• அந்த வகைப் பாகம் ஆவடியிலோ பக்கத்திலோ கிடைக்கிறதா என்று விசாரித்தோமா?

நான்குக்கும் "ஆமாம்" என்றால் பெயர் தெரியாத மெஷினாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ஒரு வாரம் பொறுத்துக் கடன் கொடுங்கள். பணம் ஒருவருடையது இல்லை, எல்லோருடைய சேமிப்பும்தான்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

தையல் மெஷின் வைத்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோரும் தங்கள் ஊசி, பாபின், பாபின் கேஸைக் கொண்டு வாருங்கள். பாயில் வரிசையாக வைத்து, எது எதோடு ஒத்துப் போகிறது என்று சேர்த்துப் பாருங்கள். உறுப்பினர் பெயர், மெஷின் பெயர், ஊசி வகை, பாபின் உயரம், ஃபுட் அளவு என்று ஐந்து கட்டம் போட்டுக் குழு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே வகை ஐந்து பேரிடம் இருந்தால், ஊசியும் பாபினும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் மெஷின் நின்றால் இன்னொருவர் பாகத்தைப் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளி திறக்கும் நேரத்தில் சீருடை வேலை குவியும்போது இந்த நோட்டின் அருமை தெரியும்.

பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்:

1. நம் குழுவில் பாகம் கிடைக்கவில்லை என்று சும்மா கிடக்கும் மெஷின் எத்தனை? அதன் மேல் கடன் பாக்கி எவ்வளவு?
2. அந்த மெஷினுக்கு ஒத்த மெஷின் யார் வீட்டில் இருக்கிறது?
3. கடைக்குப் போகும்போது நாம் பெயரைச் சொல்கிறோமா, பாகத்தைக் காட்டுகிறோமா?

அந்த அக்காவைப் போன வாரம் பார்த்தோம். இன்னும் மூன்று தவணைதான் பாக்கியாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. "பேர் தெரியாத மெஷின்னு சொன்னாங்களே, அதுக்கு நானே பேர் வெச்சுட்டேன் மேடம்" என்று சிரித்தார். என்ன பெயர் என்று கேட்டோம். தன் மகள் பெயரைச் சொன்னார்.

அடுத்த மாதம் வேறொரு தொழில் பாடத்தோடு சந்திப்போம், சகோதரிகளே!