சிக்கனமும் சத்தும்

கேள்வி: உணவுச் செலவைக் குறைக்க வேண்டிய குடும்பம், சத்து குறையாமல் அதை எவ்வாறு செய்ய இயலும்?

பதில்: முதலில் குறைக்கத் தக்கவை சத்துப்பானப் பொடிகள்; அவற்றில் பலவற்றில் சர்க்கரை மிகுதியாக இருக்க, எளிய வேர்க்கடலையிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களுள் லைசின் அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுசெய்வதால், பருப்புச் சோறும் இட்லியும் வெண்பொங்கலும் மலிவான, நிறைவான புரத உணவுகளாகின்றன. கீரையின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவற்றின் வைட்டமின் சி அதை உடல் ஏற்கத் துணைபுரிய, உணவோடு அருந்தும் தேநீர் அந்த ஏற்பைத் தடுக்கிறது என்பதால், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது செலவே இல்லாத நன்மையாகும்.

ஒரு சிக்கனம் மட்டும் அறவே கூடாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது, அது சிதைந்து துருவச் சேர்மங்கள் எனப்படும் தீய பொருள்கள் பெருகுகின்றன; இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் அதை அளக்க வழியில்லாததால், சிறிதளவு எண்ணெயிலேயே பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி, இரண்டு நாள்களுக்குள் தாளிப்பதற்குச் செலவழித்துவிடுவதே முறை.